பையில் ஓக் விதை

கேள்வி: என் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை கடற்படை அதிகாரி. பாதி நாள் கப்பலிலேயே இருப்பாராமே, குடும்பத்தின் மேல் பாசம் இருக்குமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மாப்பிள்ளையை எனக்குத் தெரியாது. காலிங்வுட் என்ற அந்தக் கால பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியைப் பற்றிச் சொல்கிறேன். 1805இல் பிரெஞ்சு, ஸ்பானிஷ் கப்பல்களை பிரிட்டன் தோற்கடித்த டிரஃபால்கர் கடற்போரில், பிரிட்டிஷ் தளபதி நெல்சனுக்கு அடுத்த தளபதி அவர்தான். பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தபோது வயது 12. 1791இல் கல்யாணம்; இரண்டு பெண் குழந்தைகள். லீவில் வட இங்கிலாந்தில் மார்பெத் என்ற ஊரில் இருந்த வீட்டுக்கு வந்தால், நாய் பவுன்ஸோடு நடக்கக் கிளம்புவார். பையில் ஓக் விதைகள் இருக்கும். நல்ல மண்ணாகப் பார்த்து ஒன்றை அழுத்திவிட்டு நடப்பார். பின்னால் கப்பல் கட்ட மரம் வேண்டுமே! வீட்டுக்கு வந்தும் ஆபீஸ் நினைப்புதான். (எங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறார்.)

1803இல் கிளம்பியவர், அப்புறம் வீடு திரும்பவே இல்லை. பாசமெல்லாம் கடிதத்தில்தான். பெண்களுக்கு வடிவியல் கற்றுக்கொடு என்று மனைவிக்கு எழுதினார், அந்தக் காலத்திலேயே! 1809இல், கப்பலில் கூடவே இருந்த பவுன்ஸும் கடலில் விழுந்து செத்தது. உடம்பு முடியாமல் ஒருவழியாக 1810 மார்ச்சில் மத்தியதரைக் கடலில் உள்ள மினோர்க்கா தீவிலிருந்து ஊருக்குக் கிளம்பினார். மறுநாளே கப்பலில் உயிர் போய்விட்டது.

சரி, பயப்படாதீர்கள். லீவு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்று மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.