வலிக்கு எக்ஸ்ரே இல்லை: கேள்வி பதில்

பதில் தருபவர்: வலி நோயாளிகளைக் கவனித்துவரும் சேலத்துச் செவிலியர்

கேள்வி (அம்மாப்பேட்டை): சிஸ்டர், அப்பா குழித்தறி நெசவாளி. இடுப்பு வலி என்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. நடிக்கிறாரா?

இல்லை, தம்பி. ஸ்கேன் எலும்பையும், எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டையும் (டிஸ்க்) காட்டும், வலியைக் காட்டாது. வலியே இல்லாத பலருக்கு எம்.ஆர்.ஐ.யில் வட்டு பிதுங்கியிருப்பதும் உண்டு. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் ஏன் இதமாக இருக்கிறது? தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965இல் விளக்கினார்கள். பயமும் தூக்கமின்மையும் அதே வலியைக் கூட்டிவிடும். அதனால் அப்பாவிடமே கேளுங்கள்: எரிகிறதா, குத்துகிறதா, கடுக்கிறதா? காலுக்கு இறங்குகிறதா? தறியை விட்டு எழும்போது கூடுகிறதா? சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடையில் தானாக டைக்ளோபெனாக் வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): கொலுசுப் பட்டறையில் வேலை. கழுத்து வலி, ஸ்கேன் நார்மல்.

மேலே அம்மாப்பேட்டைத் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஏற்காடு): காபிப் பழம் பறிக்கப் போன பாட்டி சரிவில் விழுந்தார். பத்துக்கு எவ்வளவு வலி என்றதற்கு ‘இரண்டு’ என்றார். பார்த்தால் இடுப்பெலும்பு முறிவு!

அசையாமல் படுத்திருந்தவரிடம் கேட்டிருப்பார்கள். திரும்பிப் படுக்கச் சொல்லிவிட்டுக் கேட்டிருந்தால், கட்டில் கம்பியைப் பற்றும் கையே பதில் சொல்லியிருக்கும். அந்த எண் நேற்றைய பாட்டியையும் இன்றைய பாட்டியையும் ஒப்பிடத்தான். பக்கத்துக் கட்டில்காரரோடு ஒப்பிட அல்ல.

கேள்வி (அஸ்தம்பட்டி): பத்துக்குப் பத்து என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனில் பேசுகிறவரையும் நம்புவதா?

நம்பத்தான் வேண்டும். மாதக்கணக்கில் வலியோடு வாழ்கிறவர் முகம் சுளித்துக்கொண்டே இருக்க முடியுமா? ஒருவர் வலி என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் எழுதியே வைத்துவிட்டது.

மீண்டும் அஸ்தம்பட்டி: அப்படியானால் கேட்டவருக்கெல்லாம் ஊசியா?

நம்புவது வேறு, ஊசி போடுவது வேறு. நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் கேட்காது, பயிற்சியில் குறையும் வலிக்கு ஊசி வீண். எந்த வலி என்று பிரித்தறியத்தான் இத்தனை கேள்விகள். நடிப்பைக் கண்டுபிடிக்க அல்ல. நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கத்தை விடுங்கள், ஐயா.

கேள்வி (ஆத்தூர்): மூட்டு வலிக்கு எந்த மாத்திரை நல்லது?

இந்தக் கேள்வி வருவது இது மூன்றாவது முறை! பெயர் சொல்ல மாட்டேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தின்று தீர்த்தால் சிறுநீரகம்தான் விலை கொடுக்கும்.

கேள்வி (ஓமலூர்): அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. காலையிலிருந்து தாடையிலும் இடது தோளிலும் வலி, வியர்வை. நெஞ்சு வலி இல்லை. வாயுவா?

இதயத்தின் வலி தாடையில் தெரியலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். என் பதிலுக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.