அக்கா மகன் செய்யும் மொபைல் கேமில் 10 லட்சம் போடலாமா?

கேள்வி: அவிநாசி பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்து, சின்னதாக ஒரு பவர் டேபிள் (தையல்) யூனிட் நடத்துகிறேன். அக்கா மகன் கோவையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இரண்டு நண்பர்களோடு மொபைல் கேம் ஒன்று செய்கிறான். பாளையக்காரர் சண்டை, பகடை உருட்டிப் படையை நகர்த்த வேண்டும். காசு கொடுத்துப் 'புதையல் பெட்டி' வாங்கலாம், உள்ளே எந்த வீரன் வருவான் என்பது அதிர்ஷ்டம். அப்புறம் 10 ரூபாய் கட்டி ஆடும் போட்டி, ஜெயித்தால் ரொக்கப் பரிசு. 10 லட்சம் போட்டால் 15 சதவீதம் பங்கு தருகிறேன் என்கிறான். மகள் காலேஜுக்கு வைத்த எஃப்டி இந்த மாதம் முடிகிறது. போடலாமுங்களா?

பதில்: ரொக்கப் பரிசு என்ற பேச்சு இருக்கும்வரை ஒரு ரூபாய்கூடப் போடாதீங்க. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று எதிர்பார்த்து ஆடும் எல்லா ஆட்டத்தையும் தடை செய்கிறது. அதிர்ஷ்டமா திறமையா என்ற பழைய வழக்காடல் அதில் எடுபடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தாலே 2 ஆண்டு, 50 லட்சம் வரை போகும். கட்டணம் வெறும் 10 ரூபாய்தானே என்பதெல்லாம் பேச்சுக்கு உதவாது. அந்தப் போட்டியை அடியோடு எடுத்துவிடச் சொல்லுங்க.

பெட்டி விற்பது வேறு கதை. பெட்டியில் வந்த வீரனைத் திரும்பப் பணமாக மாற்ற முடியாதவரை அது சாதாரண கேம் வியாபாரம்தான். ஆனால் எந்த வீரன் வர எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்பது கூகுள் பிளே, ஆப்பிள் இரண்டின் விதி. பெல்ஜியம் 2018-லேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் அப்படி ஒரு நாள் வந்தால் கேம் நிற்குமா என்றும் கேளுங்க.

இதில் உங்க காசு எங்கே மாட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஒரு பெட்டி 49 ரூபாய், நல்ல வீரன் வர 1 சதவீத வாய்ப்பு என்று வையுங்க. நூறு பெட்டி வாங்கினால் கட்டாயம் வந்துவிடும் என்றுதான் ஆடுபவர் நினைப்பார். கணக்கு அப்படி இல்லை. நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி, அதாவது 4,900 ரூபாய்க்கு வாங்கினால், அதில் சுமார் 37 பேருக்கு வெறுங்கைதான். அவர்கள் கேமை அழித்துவிட்டு ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போவார்கள். அப்பாவின் போனில் விளையாடும் பையனாக இருந்தால் சண்டை வீடு வரைக்கும் வரும். இத்தனை பெட்டிக்குள் நிச்சயம் தருவோம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறானா என்று கேளுங்க.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: பகடை எப்போது உருளுகிறது? தாயத்தில் முதலில் எண் விழுகிறது, எந்தக் காயை நகர்த்தலாம் என்ற யோசனை அப்புறம். தோற்றாலும் 'நான் தப்பாக நகர்த்தினேன்' என்று மறுபடியும் உட்காருவோம். யோசித்து, தாக்கு என்று அழுத்திய பிறகு பகடை உருண்டு எல்லாவற்றையும் கெடுத்தால் கேம் ஏமாற்றுகிறது என்றுதான் தோன்றும். அந்த எரிச்சலைப் போக்க மறு உருட்டலைக் காசுக்கு விற்றால், காசு போட்டவன் ஜெயிப்பான், மற்றவன் ஓடுவான். இலவசமாக ஆடும் கூட்டம் ஓடிவிட்டால், காசு போட்டவனுக்கு எதிரே ஆட ஆள் கிடையாது. பெட்டியைவிட, ஒரு விளம்பரம் பார்த்தால் ஒரு மறு உருட்டல், கொடி, உடை, கோட்டை அலங்காரம் விற்பனை என்று போனால் வரவு மெதுவாக வந்தாலும் நிற்கும் என்பது என் எண்ணம்.

விலைக்கு வருவோம். 10 லட்சத்துக்கு 15 சதவீதம் என்றால், இன்னும் வெளியே வராத கேமுக்கு ஏறத்தாழ 67 லட்சம் மதிப்பு போட்டிருக்கிறான். பையன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும், இது அதிகம். ஆடுபவர்களில் பெரும்பாலோர் காசே கொடுக்க மாட்டார்கள். கொடுக்கும் சிலரின் பணத்திலும் கூகுள், ஆப்பிள் மாதிரி ஆப் கடைக்காரக் கம்பெனி தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும், ஜிஎஸ்டி தனி. மிச்சத்தில் பாதி ஆட்களைச் சேர்க்கும் விளம்பரத்துக்கே போகலாம்.

சாம்பிள் ஓகே ஆகாமல் மொத்தத் துணியையும் வெட்டுவீங்களா? இதிலும் அதே முறைதான். மகளின் எஃப்டியைத் தொடாமல் புதுப்பித்துவிடுங்க. யூனிட் லாபத்திலிருந்து, போனால் போகட்டும் என்று விடக்கூடிய 1 லட்சம் மட்டும் முதலில். அதில் பெட்டி இல்லாத ஒரு சோதனைப் பதிப்பை வெளியிடட்டும். இன்று இறக்கியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் மறுநாள் திரும்புகிறார்கள், ஏழாம் நாள் எத்தனை, முப்பதாம் நாள் எத்தனை? இந்த மூன்று எண்ணையும் வாயால் சொல்லாமல் திரையிலேயே காட்டச் சொல்லுங்க. ஏழாம் நாளிலேயே கூட்டம் கரைந்திருந்தால் அதோடு நிறுத்துங்க. நின்றால் அடுத்த லட்சத்தையும் விலையையும் அப்போது பேசலாம்.

எழுத்து வேலை கட்டாயம். சும்மா பார்ட்னர்ஷிப்பில் பெயர் போடாதீங்க. அதில் கடன் வந்தால் உங்க வீடு வரை நீளும். பிரைவேட் லிமிடெட் தொடங்கி, உங்க பெயரில் ஷேர் ஒதுக்கி வாங்குங்க. 'மாமா, இப்போதைக்குக் கைமாத்தா குடுங்க' என்று கேட்டால் பேங்க் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம், அதுவும் வாங்கிய பையன் மேல். இதை அக்காவை வைத்துக்கொண்டே பேசிவிடுங்க.