குர்ஸ்க் இல்-2 மாடலுக்கு எந்தக் குண்டு?

சோவியத் தரைத்தாக்குதல் விமானமான இல்-2 மாடலை 1943 ஜூலை குர்ஸ்க் போருக்கு ஏற்றபடி செய்வதாகவும், ஃபாப்-100, பிடாப் இரண்டில் எதை இறக்கையடியில் மாட்டுவது என்றும் கேட்டிருந்தீர்கள். பிடாபை அங்கே மாட்டாதீர்கள் நண்பரே. ஃபாப் என்பது வெடிப்பதிர்வால் தகர்க்கும் சாதாரணக் குண்டு, 100 என்பது கிலோ. பிடாப் 2.5-1.5 டாங்கிக்கென்றே வந்த குட்டிக் குண்டு, 2.5 கிலோ குண்டின் அளவு, உண்மை எடை சுமார் 1.5 கிலோதான். ஆனால் உள்ளே வெடிப்பின் விசையை ஒரே இடத்தில் குவிக்கும் குழிவான வெடிமருந்து. சுமார் 60 மி.மீ. கவசத்தைத் துளைக்கும், ஜெர்மனியின் பான்தர் டாங்கியின் கூரையோ வெறும் 16 மி.மீ.!

இறக்கைக்குள் இருக்கும் நான்கு அறைகளில் பிடாப்களை நிரப்பிக் கொத்தாகக் கொட்டுவார்கள். கதவை மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது. திறந்து வைத்தால் மட்டும் பிடாப்களைச் செய்யுங்கள், அதுவும் பொறுமை இருந்தால். வெளியே ஏதாவது தொங்கியே ஆக வேண்டுமா? சரி, இரண்டு ஃபாப்-100 போதும்.