கடவுள் இருக்கார்னு சயின்ஸ் நிரூபிச்சிட்டா

வணக்கம் சார்,
பிரபஞ்சத்தை ஒருத்தர் படைச்சிருக்கார்னு நாளைக்கே சயின்ஸ் சந்தேகமில்லாம நிரூபிச்சிடுச்சுன்னு வைங்க. நாத்திகர்கள் என்ன பண்ணுவாங்க? மதச் சண்டையெல்லாம் நின்னுடும்னு நான் சொல்றேன், என் ஃப்ரெண்டு சிரிக்கிறான். நீங்க என்ன சொல்றீங்க?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நான் உங்க ஃப்ரெண்டு பக்கம்தான். இது வெறும் கற்பனை இல்ல, ஒரு தடவை கிட்டத்தட்ட நடந்தே போச்சு. 1951 நவம்பர்ல போப் 12-ம் பயஸ் வாடிகன் அறிவியல் அகாடமில பேசறப்ப, பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் இருக்குன்னு சயின்ஸே சொல்லுது, அப்போ படைச்சவர் இருக்கார், கடவுள் இருக்கார்னு ஒரே மூச்சுல சொல்லிட்டார். இதுக்கு ரொம்ப சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய ஆள் ஜார்ஜ் லெமைத்ரே. பெல்ஜியம் இயற்பியல் விஞ்ஞானி, பிரபஞ்சம் எல்லாம் ஒரு ஆதி அணுவுலேர்ந்து வந்ததுன்னு 1931-லயே எழுதினவர், அதுக்கும் மேல கத்தோலிக்கப் பாதிரியார். ஆனா அவருக்குத்தான் பகீர்னு ஆச்சு. போப்போட அறிவியல் ஆலோசகர்கிட்ட போய்ப் பேசினார், அடுத்த வருஷம் ரோம்ல வானியல் விஞ்ஞானிங்க முன்னாடி பேசினப்ப போப் அந்தப் பேச்சையே எடுக்கல. பின்ன, தியரி நாளைக்கு மாறும், அதை நம்பி கடவுளை நிக்க வெச்சா அடுத்த டெலஸ்கோப் வந்ததும் அவர் கதி என்ன?

எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் வானியல் விஞ்ஞானி ஃப்ரெட் ஹாய்ல். பிரபஞ்சத்துக்கு ஒரு ஆரம்பம் உண்டுங்கற அந்த தியரிக்கு பிக் பேங்னு பேர் வெச்சவரே இவர்தான், 1949-ல பிபிசி ரேடியோல, அதுவும் அந்த தியரி பிடிக்காம. ஆரம்பம்னாலே மதவாடை அடிக்குதுன்னு அவருக்கு எரிச்சல். 1965-ல பென்சியாஸ், வில்சன் கண்டுபிடிச்ச பின்னணிக் கதிர்வீச்சு, அதாவது அந்த ஆரம்பச் சூட்டோட மிச்சம், வெளியானதும் பெரும்பாலான விஞ்ஞானிங்க பிக் பேங் பக்கம் வந்துட்டாங்க, இவர் 2001-ல சாகற வரைக்கும் வரல. இத்தனைக்கும் ஏதோ ஒரு பெரிய அறிவு இயற்பியல்ல கைய வெச்சிருக்குன்னு பின்னாடி எழுதினதும் இதே ஹாய்ல்தான், மனுஷனை எந்தக் கட்சில சேக்கறது சொல்லுங்க! ஸ்டாலின் கால சோவியத்ல இந்த பிக் பேங் மாதிரி தியரியையெல்லாம் கருத்துமுதல்வாதம்னு (பொருளை விட மனசுதான் முதல்னு சொல்ற தத்துவம்) திட்டி ஓரங்கட்டினாங்க, அது வேற கூத்து.

நம்மூர்ல மெய்கண்டார் 13-ம் நூற்றாண்டுலயே சிவஞானபோதம்ங்கற சைவ சித்தாந்த நூலோட முதல் சூத்திரத்துல, உலகம் தோன்றி நின்னு ஒடுங்குது, அதனால ஒருத்தன் உண்டுன்னு லாஜிக்காவே வெச்சார். அதைப் படிச்சுட்டு பெருமாளை விட்டுட்டு வந்த வைணவர் யாரையும் நான் பாத்ததில்ல.

அதனால ப்ரூஃப் வந்த அன்னிக்கு சாயங்காலமே டிவில 'அது எங்க சாமிதான்'னு ஆளுக்கு ஆள் ஆரம்பிச்சிடுவாங்க. நாத்திகர்கள் பாதி பேர், சரி இருக்கார், அதுக்காக எதுக்குக் கும்பிடணும்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். நிஜமா திண்டாடப்போறது பக்தர்கள்னுதான் எனக்குத் தோணுது. படைச்சவர் உண்டுன்னு அந்தப் பேப்பர்ல இருக்கும், அவர் நம்ம வேண்டுதலைக் கேக்கறாரான்னு ஒரு வரி இருக்காது. அதுக்காக கோயில் உண்டியல் வசூல் குறையுமான்னா, அதெல்லாம் குறையாது.