அப்பாவை ‘அம்மா’ என்று அழைக்கும் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு இப்போது இரண்டே கால் வயது. பிறக்கும்போதே மேல் அண்ணத்தில் பிளவு இருந்தது. பதினான்காவது மாதத்தில் அறுவைச் சிகிச்சை செய்து அதை மூடினார்கள். நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. ஆனாலும் இருபது சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. ‘அம்மா’ தெளிவாக வருகிறது. அப்பாவைக் கை காட்டி அழைக்கும்போதும் ‘அம்மா’ என்றே சொல்கிறாள். ரசம் குடித்தால் சில சமயம் மூக்கில் வழிகிறது. பலூன் ஊதப் பழக்கினால் சரியாகும் என்கிறார் ஒருவர். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார் மாமியார். கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்ற பேச்சும் உண்டு. நான் என்ன செய்வது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கிரகணத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அண்ணத்தின் இரு பாதிகளும் கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள் ஒன்றுசேர வேண்டியவை. அவை சேராமல் போனதற்கும் நீங்கள் வாசலைத் தாண்டியதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. சொற்கள் குறைவாக இருப்பது ஒன்று. சொல்லும் சொல்லின் ஒலி மாறுவது மற்றொன்று. இரண்டாவதற்கான விளக்கம் நம் எழுத்து வரிசையிலேயே இருக்கிறது. ப-வுக்கும் ம-வுக்கும் உதடுகள் ஒரே விதமாகத்தான் மூடுகின்றன. த-வும் ந-வும், ட-வும் ண-வும் அப்படியே ஓரிடத்தில் பிறப்பவை. வல்லினத்தைச் சொல்லும்போது அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. மெல்லினத்துக்கு அது திறந்திருக்கிறது. (மெல்லெழுத்துகள் மூக்கின் காற்றால் ஒலிப்பவை என்பதைத் தொல்காப்பியமே பிறப்பியலில் சொல்லிவிட்டது.) தையல் போட்டு மூடிய அண்ணம் குட்டையாகவோ, போதிய அசைவில்லாமலோ இருந்தால் காற்று மூக்கின் வழியே கசியும், வல்லினம் தன் இணையான மெல்லினமாகிவிடும். ஆகவே உங்கள் மகள் அப்பாவை அம்மாவாகக் குழப்பிக்கொள்ளவில்லை. அவள் சொல்ல நினைப்பது ‘அப்பா’ தான். வெளியே வரும்போது அது ‘அம்மா’ ஆகிறது. ‘தாத்தா’வை ‘நாந்நா’ என்றும் ‘பாட்டி’யை ‘மாண்ணி’ என்றும் சொல்கிறாளா என்று கவனியுங்கள்.

அவள் ‘அப்பா’ என்று சொல்லும்போது ஒரு சிறு கண்ணாடியை மூக்குக்குக் கீழே விளையாட்டாகப் பிடித்துப் பாருங்கள். அதில் ஆவி படிந்தால் காற்று கசிகிறது என்று கொள்ளலாம். ‘மாமா’ என்று சொன்னால் நமக்கும் படியும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இது மருத்துவரிடம் சொல்வதற்கான ஒரு குறிப்பு மட்டுமே. இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. ரசம் மூக்கில் வழிவதையும் அறுவைச் சிகிச்சை செய்தவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தையலிட்ட இடத்தில் சிறு துளை விழுந்திருக்கலாம்.

இனி, சொற்கள் குறைவாக இருப்பது. இரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் ‘பால் வேணும்’ என்பது போல இரு சொற்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுவதால், உங்கள் மகளுக்கு இன்னும் காத்திருந்து பார்க்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். முதலில் காதைப் பரிசோதியுங்கள். நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாயைத் திறக்கும் தசை அண்ணத்தோடு சேர்ந்தது. ஆகவே அண்ணப்பிளவுள்ள குழந்தைகளுக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தேங்குவது மிகச் சாதாரணம். வலியும் இருக்காது, சீழும் வடியாது; தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல மட்டும் கேட்கும். கூப்பிட்டால் திரும்பும் குழந்தைக்கும் இந்தக் குறை இருக்கலாம் என்பதால், பிறந்தபோது செய்த பரிசோதனை சரியாக இருந்தது என்று விட்டுவிடாதீர்கள். காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பலூன், ஊதல், உறிஞ்சுகுழல் எல்லாம் விளையாட இருக்கட்டும்; அவற்றால் பேச்சு திருந்தாது. ஊதும்போது அண்ணம் அசையும் விதம் வேறு, பேசும்போது அசையும் விதம் வேறு. வசம்பு வேண்டவே வேண்டாம். சிக்கல் நாக்கில் இல்லாதபோது நாக்கைத் தேய்த்து என்ன பயன்?

பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம். மூக்கில் கசியும் காற்றுக்கு மாற்றாகச் சில குழந்தைகள் க, ட போன்ற ஒலிகளைத் தொண்டையிலேயே வெட்டிச் சொல்லப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டால் பிறகு எந்த அறுவைச் சிகிச்சையும் அதைத் தானாக மாற்றாது, பயிற்சிதான் மாற்றும். இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவையா என்பதைப் பெரும்பாலும் நான்கைந்து வயதில், குழந்தை ஒத்துழைத்துப் பேசும் நிலையில், உள்நோக்கிக் கருவியால் (எண்டோஸ்கோப்) பார்த்துத் தீர்மானிப்பார்கள். செலவைப் பற்றிக் கவலை இருந்தால், 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தை அணுகுங்கள். பிறவிக் குறைகளின் பட்டியலில் அண்ணப்பிளவும் இருக்கிறது. 18 வயது வரை சேவை இலவசம். அங்கன்வாடி ஊழியரே வழி சொல்வார்.

வீட்டில் ‘சரியாகச் சொல்லு’ என்று ஒருபோதும் வற்புறுத்தாதீர்கள். அவள் தன் அப்பாவைக் கை காட்டி ‘அம்மா’ என்றால் யாரும் சிரிக்க வேண்டாம். அவர் உடனே திரும்பி, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு தெரியும்படி, ‘ஆமாம், அப்பா வந்துட்டேன்!’ என்று சொல்லித் தூக்கிக்கொள்ளட்டும்.