நாக்கை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: சாப்பாட்டைப் பற்றி எழுதியே பிழைக்க முடியுமா? மாதச் சம்பளத்தை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

இப்போதைக்கு விடாதீர்கள். நான் வேலையை விட்டபோது கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தது. நாலாவது மாதமே கரைந்துவிட்டது. கட்டுரை கொடுத்ததும் காசு வந்துவிடும் என்று நினைத்தது என் தப்பு. ஒரு பத்திரிகை பதினொரு மாதம் இழுத்தடித்தது. சரி, புத்தகம் போடலாம் என்றால், பதிப்பாளர் தந்த முன்பணம் ராயல்டியில், அதாவது விற்பனையில் எனக்குச் சேரும் பங்கில், கழிந்த பிறகுதான் அடுத்த காசு. என் முதல் புத்தகம் இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

அப்புறம், இந்த வேலையில் சாப்பிடும் நேரம் கொஞ்சம்தான். சமையல்காரர் உப்பை அள்ளி "கொஞ்சம் போடுங்க" என்று சொல்லும்போதே, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி எடை போட வேண்டும். பொடி உப்பும் கல் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. என் முதல் சமையல் குறிப்பில் எந்த உப்பு என்று எழுதாமல் விட்டுவிட்டேன். வந்த கடிதம் எல்லாம் ஒரே புகார்: கரிக்கிறது! அன்றிலிருந்து கிராம் கணக்கு இல்லாமல் எழுதுவதில்லை. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும் என்று அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஃபேனி ஃபார்மர் 1896-லேயே வற்புறுத்தியிருக்கிறார். எனக்குத்தான் தாமதமாக உறைத்தது.

"சுவையாக இருந்தது" என்று எழுதினால் என் முதல் பத்திரிகை ஆசிரியர் அந்த வரியை அடித்துவிடுவார். வேறு என்னதான் எழுதுவது? பல்லில் எப்படி உடைந்தது, ஆறியதும் என்ன ஆனது, விழுங்கிய பிறகு தொண்டையில் எது நின்றது என்று எழுதப் பழகினேன். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். அதனால் சளி பிடித்தால் எனக்கு விடுமுறை. சம்பளம் இல்லாத விடுமுறை.

கேள்வி: ஒரே நாளில் முப்பது ஒயின் ருசி பார்ப்பீர்களாமே, தலை சுற்றாதா?

துப்பிவிடுவோம். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அன்றைக்கு வண்டியைத் தொட மாட்டேன். தலையைவிட நாக்குதான் முதலில் மக்கர் செய்யும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு சேர்ந்துகொண்டே போய், கடைசியில் வருவதெல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் துணை.

கேள்வி: ஓசிச் சாப்பாடு நிறையக் கிடைக்குமே?

கிடைக்கும். சாப்பிட்டால் அந்த இடத்தைப் பற்றி எழுத மாட்டேன். விமர்சனம் என்றால் வேறு பெயரில் மேசை பதிந்து, சொந்தக் காசில், குறைந்தது இரண்டு தடவை போவேன்.