ப்ரமோஷன் வேணாம்னு சொல்றவங்க

வணக்கம் மேடம்,

எங்க டீம்ல இப்ப பாதிக்குப் பாதி பெண்கள்தான். வேலைல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா லீட் ரோல் தர்றேன்னு கூப்பிட்டா, குழந்தை சின்னது, இப்ப வேணாம்னுடறாங்க. இது அவங்க சொந்த விருப்பம் தானே? இதுக்கு எதுக்கு கம்பெனியைத் திட்டணும்?

ஒரு வாசகர்

வணக்கம்,

திட்டறது இருக்கட்டும், அவங்க எதை வேணாம்னாங்கன்னு முதல்ல பாப்போம். பதவியையா, இல்ல அதோட சேந்து வர்ற ராத்திரி கால், லீவு நாள்ல வர்ற அர்ஜென்ட் மெயில், நாளைக்கே கிளம்புங்கற டிராவல் இதையெல்லாமா?

2023ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்குன க்ளாடியா கோல்டின் இதைத்தான் பல வருஷமா சொல்லிட்டு இருக்காங்க. சில வேலைங்க பேராசை புடிச்சதுங்க, எந்நேரமும் கைக்கெட்டற ஆளுக்குத்தான் அள்ளிக் குடுக்கும், மணிக்கணக்கு பாக்கறவருக்கு கிள்ளித்தான் குடுக்கும். வேலைக்கு சேரும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளத்துல பெரிய வித்தியாசம் இருக்காது, முதல் குழந்தை பொறந்ததும்தான் இடைவெளி பெருசாகுது. ஏன்னா ஒருத்தர் எப்ப கூப்பிட்டாலும் ஆபீஸுக்கு ஓடறாருன்னா, அந்த வீட்ல இன்னொருத்தர் எப்ப கூப்பிட்டாலும் ஸ்கூலுக்கு ஓடறாங்கன்னு அர்த்தம். உங்க டீம்ல லீட் ரோலுக்கு சரின்னு சொன்ன ஆண்கள்ல எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துட்டு சொன்னாங்க?

வேலையோட அமைப்பை மாத்த முடியாதுன்னு சொல்லாதீங்க, மாறியிருக்கு. அமெரிக்கால ஒரு காலத்துல பார்மசின்னா பெரும்பாலும் ஆண்கள் சொந்தமா நடத்துன கடைங்க, ஓனர் இல்லாம ஒண்ணும் ஓடாது. அப்புறம் பெரிய செயின் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் வந்து, மருந்து விவரமெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறினதும், ஒருத்தர் விட்ட இடத்துலேர்ந்து இன்னொருத்தர் எடுத்துக்கலாம்னு ஆயிடுச்சு. இப்ப அங்க பார்மசிஸ்டுகள்ல பெண்கள்தான் அதிகம், பார்ட் டைம் பாத்தாலும் மணிக்கு வர்ற கூலி பெருசா அடிபடறதில்ல. பெண்களுக்கு உதவணும்னு யாரும் திட்டம் போட்டு செஞ்சதில்ல இது, வேலை ஒரே ஆள் தலைல தொங்கறது நின்னுச்சு, அவ்ளோதான்.

இன்னொண்ணு, விருப்பம்னு சொல்றீங்களே, அதுவும் வானத்துலேர்ந்து விழறதில்ல. மேற்கு வங்கத்துல பஞ்சாயத்துத் தலைவர் பதவி ஒதுக்கீட்டுல பெண்களுக்குப் போன ஊர்களை வெச்சு பொருளாதார நிபுணர் எஸ்தர் டுஃப்லோவும் மத்தவங்களும் செஞ்ச ஆய்வு 2012ல வந்துச்சு. ரெண்டு தேர்தல் தொடர்ந்து பெண் தலைவரைப் பாத்த ஊர்ல, எதிர்காலத்தப் பத்தி பையனுக்கும் பொண்ணுக்கும் இருக்கற ஆசைல உள்ள இடைவெளியே குறைஞ்சிருந்துச்சு, பெத்தவங்க மனசுலயும்தான். உங்க கம்பெனில லீடா இருந்துக்கிட்டே ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிட்டுப் போற ஒரு ஆளையாவது, ஆணோ பெண்ணோ, அவங்க பாத்திருக்காங்களா? பாக்காததுக்கு எப்படிங்க ஆசைப்படறது.

அதனால அடுத்த தடவை கூப்பிடறதுக்கு முன்னாடி அந்த ரோல்ல இருக்கற ராத்திரி கால்ல எது நிஜமாவே ராத்திரி நடக்கணும், எது சும்மா பழக்கத்துல நடக்குதுன்னு பாருங்க, லீட் பொறுப்பை ரெண்டு பேர் பிரிச்சுக்க முடியுமான்னும் பாருங்க. அதுக்கப்புறமும் வேணாம்னு சொன்னா, சரி, அது அவங்க விருப்பம், நானும் ஒத்துக்கறேன்.